இங்கிட்டு வேணாம், அங்கிட்டு

கண்மாய் நிறைந்து கலிங்கு வழிந்த அந்த ஐப்பசி மழையின்போது நான் கவுன்சிலராகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அறந்தாங்கிப் பக்கம் ஒரு சின்னப் பேரூராட்சி எங்களுடையது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும், நம் வீட்டிலிருந்துதான் ஒருத்தர் நிற்க வேண்டும் என்று என் கணவரின் அண்ணன் முடிவு செய்தார். அவர் மனைவிக்கு முழங்கால் வலி, தெருத்தெருவாக நடந்து ஓட்டுக் கேட்க முடியாது. எனவே நான் நின்றேன். என் கணவர் குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். “நின்னா நில்லு, அண்ணன் பாத்துக்குவாரு” என்று அங்கிருந்து போனில் சொன்னார். ஊரும் அப்படித்தான் நினைத்தது. ஜெயித்த அன்றைக்கு மாலை விழுந்தது அந்த அண்ணன் கழுத்தில்தான். நான் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். நிலம் வாங்கி, மனை பிரித்து விற்பது அவர் தொழில்.

எங்கள் ஊரின் தூய்மைப் பணியாளர்கள் கண்மாயின் உள்வாயில் தகரக் கொட்டகை போட்டு இருந்தார்கள். மழை இல்லாத வருஷங்களில் அது காய்ந்த தரை. அந்த வருஷம் கண்மாய் தன் இடத்தைக் கேட்டு வந்துவிட்டது. அடுப்பு, துணிமணி, ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போன அதே காலையில், எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் வாசல்படி ஏறியது. நான் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கையில் நீளக் கம்பியோடு ஒரு அக்கா வந்தார். எங்கள் வார்டைப் பல வருஷமாகக் கூட்டுகிறவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இடுப்புவரை நனைந்திருந்தார்.

“வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீங்களாக்கா? தண்ணி வந்துருச்சாமே?”

“வீடு இருந்தாத்தானே கவுன்சிலரம்மா வீட்டுல இருக்க” என்றார், கம்பியைச் சாக்கடைக்குள் விட்டுக்கொண்டே. “பள்ளிக்கூடத்துல பெஞ்சு மேல ஏத்தி வச்சிருக்கேன் எல்லாத்தையும். எம் மக அங்ஙன காவலுக்கு உக்காந்திருக்கா.”

“இன்னிக்கு ஒரு நாள் லீவு சொல்லியிருக்கலாமே?”

“நான் லீவு போட்டா நீங்க போன் போடுவீங்களே.”

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. நடப்பதைச் சொன்னார், அவ்வளவுதான். அடைப்பை எடுத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினேன். அது நான் பேசிய முதல் பேச்சு. அப்போது இருந்த செயல் அலுவலர் நிதானமான மனிதர். தூய்மைப் பணியாளர்களுக்கு வீடு கட்டித்தர அரசுத் திட்டம் இருக்கிறது, பேரூராட்சி இடம் மட்டும் காட்டினால் போதும் என்றார். “வில்லங்கம் இல்லாத இடமா இருக்கணும்மா. நம்ம பேர்ல இருக்கணும்.”

“வண்டிப்பேட்டை இருக்கே” என்றேன்.

முன்பு சந்தைக்கு வரும் மாட்டுவண்டிகள் நிற்கிற இடம் அது. இப்போது மாட்டு வண்டிகளும் இல்லை, சந்தையும் வேறு பக்கம் போய்விட்டது. கருவேலம் மண்டிக் கிடக்கிறது. சுற்றுச்சுவரில் ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்ததும்தான் பலருக்கு ஞாபகமே வரும். பேரூராட்சி அலுவலகம் கூப்பிடு தூரம். பஸ் ஸ்டாண்டு பக்கம். குடிநீர்க் குழாய் வாசலிலேயே போகிறது. தேடினாலும் அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

“அருமையான யோசனை” என்றார் ஒரு உறுப்பினர். “நம்ம ஊரைச் சுத்தமா வச்சிருக்கிறவங்களுக்கு நாம செய்ய வேண்டிய கடமை” என்றார் இன்னொருவர். மேஜையைத் தட்டினார்கள். தலைவர் என்னைப் பார்த்துப் புன்னகையோடு, “செஞ்சிருவோம்மா” என்றார். அவர் ‘செஞ்சிருவோம்’ என்றால் அது செய்ய மாட்டார் என்பதற்கான சொல் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து குவைத்துக்குப் போன் போட்டேன். “ஒனக்கு எதுக்கு இதெல்லாம்? அண்ணன்கிட்ட கேட்டியா?” என்றார் கணவர்.

சர்வேயர் வந்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். அந்தக் கோட்டை மழை அழிப்பதற்கு முன் மனுக்கள் வர ஆரம்பித்தன. செயல் அலுவலர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். ஒருவர், தேர் நிற்க அந்த இடம் வேண்டும் என்று எழுதியிருந்தார். எங்கள் ஊர்த் தேர் ஓடி வருஷக் கணக்காகிறது. அதன் அச்சு முறிந்து கோயில் மதிலோரம் கிடக்கிறது. வியாபாரிகள் லாரி நிறுத்த வேண்டும் என்றார்கள். ஊருக்கு ஒரு பூங்கா இல்லையே, முதியோர் எங்கே நடப்பார்கள் என்று ஒரு மனு. பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகள் பாதை அது, பாதுகாப்பு வேண்டும் என்று ஒரு மனு. எதிலும் ஒரு சாதிப் பெயர் இல்லை. அத்தனை நாகரிகம். ஒவ்வொரு மனுவும், ‘மேற்படியாருக்கு வீடு கட்டித் தருவதை நாங்கள் மனமார வரவேற்கிறோம்’ என்றுதான் ஆரம்பித்தது.

பெண்பிள்ளைகள் பாதுகாப்பு என்று எழுதிய பெரியவரை நேரில் போய்ப் பார்த்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். “ஐயா, அந்தப் பிள்ளைங்க போறதுக்கு முன்னாடி தினமும் அந்தப் பாதையைக் கூட்டுறதே இவுங்கதானே? இத்தனை வருஷத்துல என்ன நடந்துச்சு?” என்று கேட்டேன். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டதுபோல என்னைப் பார்த்தார். “நீங்க சின்னப் பொண்ணு, சில விஷயம் ஒங்களுக்குப் புரியாது” என்றார். எனக்கு நாற்பத்தைந்து வயது.

அன்று சாயங்காலம் பெரியத்தான் வீட்டுக்கு வந்தார். நான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டரை நிறுத்தச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னால் பேச்சு நீளும் என்று அர்த்தம்.

“நல்ல காரியந்தாம்மா. யாரு வேணாங்கிறா? ஆனா அந்த எடம் வேணாம். இங்கிட்டு வேணாம், அங்கிட்டுப் பாருங்க.”

“அங்கிட்டுன்னா எங்கிட்டு பெரியத்தான்?”

“எங்கிட்டோ. ஊருக்கு வெளிய.”

“அவுங்க வேலை பாக்குறது ஊருக்குள்ளதானே?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, “சரி, பச்சையாச் சொல்றேன். பேட்டைக்கு எதுத்தாப்புல என் மனை கெடக்கு. நீயும் பாத்திருக்க. வாங்க வர்றவன் மொதல்ல என்ன கேப்பான்? தண்ணி நல்லா இருக்கான்னா கேப்பான்? எதுத்தாப்புல யாரு இருக்காங்கன்னுதான் கேப்பான். நான் என்ன பதில் சொல்றது?” என்றார்.

“நம்ம தெருவைக் கூட்டுறவங்கன்னு சொல்லுங்க.”

“ஒனக்கு அரசியல் வராது ஆத்தா” என்று எழுந்துவிட்டார்.

இப்போது நினைத்துப் பார்த்தாலும் மற்றவர்கள் மேல் வருகிற கோபத்தில் பாதிகூட அவர் மேல் வருவதில்லை. தேர், லாரி, பூங்கா, பெண்பிள்ளைகள் என்று ஊரே சுற்றி வளைத்தபோது, மனதில் இருந்ததை மனதில் இருந்தபடி என்னிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த கூட்டத்தில் வண்டிப்பேட்டை பூங்காவாகிவிட்டது. மேஜையைத் தட்டியவர்கள் மறுபடி தட்டினார்கள். வீட்டுக்கு வேறு இடம் பார்க்க ஒரு குழு போட்டார்கள், அதில் என்னையும் சேர்த்தார்கள். அந்தக் குழுவோடு நான் அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்றைக்கும் தலை வலிக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு இடம் பார்த்தோம். கடைக்காரர்கள் வந்து நின்றார்கள். பழைய கால்நடை மருத்துவமனை வளாகம் பார்த்தோம். அந்தத் தெருக்காரர்கள் வந்தார்கள். அரிமளம் போகிற சாலையில் ஒரு துண்டு நிலம் பார்த்தோம். பக்கத்து வயல்காரர், தன் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிடும் என்றார். வீட்டில் குடியிருந்தால் கிணறு எப்படிக் கெடும் என்று கேட்டேன். “அதெல்லாம் கெட்டுரும்ங்க” என்றார். ஒவ்வொரு இடத்திலும் அதே முதல் வரி: நல்ல காரியந்தான், யாரு வேணாங்கிறா. ஒவ்வொரு தடவையும் வீடுகள் கொஞ்சம் கொஞ்சமாக ஊரைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போயின.

கடைசியில் அவை போய் நின்ற இடம் ஊருக்கு வெளியே வெகு தூரத்தில் இருந்த செம்பொட்டல். பொட்டலின் ஒரு ஓரத்தில் எங்கள் குப்பைக் கிடங்கு. அரசுக் காகிதத்தில் அதற்கு ‘வளம் மீட்புப் பூங்கா’ என்று பெயர். ஆக எங்கள் ஊருக்கு இரண்டு பூங்கா கிடைத்தது.

அந்த இடத்தை முடிவுசெய்த கூட்டத்தில், “குப்பைக் கிடங்கு பக்கத்துலயே இருக்கு, அவுங்களுக்கும் வேலைக்கு வசதி” என்று ஒரு உறுப்பினர் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. பெரிய யோசனையைக் கண்டுபிடித்த முகத்தோடு சொன்னார்.

“அவுங்க வேலை ஒங்க வீட்டு வாசல்ல இருக்கு சார்” என்றேன். “விடியுமுன்னே அங்கேருந்து எப்படி வருவாங்க? யோசிச்சீங்களா?”

அந்த நேரம் பார்த்து வடையும் டீயும் வந்தது. வடை பரிமாறி முடிந்ததும், ‘ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று படித்தார்கள்.

“ஒருமனதான்னு எப்படிப் போடுவீங்க? நான் வேணாங்கிறேனே?”

“நீங்க ஒருத்தர்தானேம்மா” என்றார் தலைவர், சமாதானமாக.

வெளியே வரும்போது செயல் அலுவலர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: இந்த மாசத்துக்குள் இடம் காட்டாவிட்டால் ஒதுக்கீடு வேறு பேரூராட்சிக்குப் போய்விடுமாம். “கெடைக்கிறதை வாங்கிப்போம்மா. ரோடு, பஸ்ஸெல்லாம் பின்னாடியே வரும்.” அவர் நல்லவர்தான். அஸ்திவாரம் தோண்டும்போது அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது.

வீடுகளைக் குறை சொல்ல முடியாது. ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை, கழிப்பறை, தரையில் டைல்ஸ். திறப்பு விழாவுக்குச் சாமியானா போட்டு, மைக் கட்டி, தூரத்திலிருந்து பெரியவர்கள் காரில் வந்தார்கள். காற்று கிடங்குப் பக்கமிருந்து திரும்பியபோது மேடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைக்குட்டையை எடுத்தார்கள். “நல்லாக் காத்து வருது” என்று ஒருவர் மைக்கிலேயே சொன்னார். சாவி வாங்கிக்கொண்டு வந்த அந்த அக்காவிடம், “எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டேன். அவர் கதவைத் திறந்து உள்ளே போய், அறையைப் பார்த்து, சமையல் மேடையைத் தடவிப் பார்த்து, ஜன்னலைத் திறந்தார். வெளியே செம்மண்ணும் கண்ணுக்கு எட்டியவரை ஒன்றிரண்டு உடை முள்மரமும்.

“வீடு நல்லாத்தான் இருக்கு கவுன்சிலரம்மா” என்றார். “ஊரைத்தான் காணோம்.”

சாவி கொடுத்த அதே வாரம் கண்மாய்க் கொட்டகைகளைப் புல்டோசர் வைத்துத் தள்ளிவிட்டார்கள். கொடுத்த வீடு வேண்டாம் என்றால் போக வேறு ஒரு இடம் இருக்கவேண்டுமே. எல்லாரும் பொட்டலுக்குப் போனார்கள்.

அங்கே காலையில் முதல் பஸ் வருவதே எட்டு மணிக்கு மேல். தூய்மைப் பணியாளர்களோ வெளிச்சம் வருவதற்குள் பேரூராட்சி அலுவலக வாசலில் நின்று, மேற்பார்வையாளர் நீட்டுகிற செல்போனில் முகம் காட்டி ஆஜர் கொடுக்க வேண்டும். தாமதமானால் அரை நாள் போச்சு. வண்டி வைத்திருந்த ஆண்கள் வண்டியில் வந்தார்கள். பெண்களில் பெரும்பாலோர் நடந்தார்கள். அந்தச் சாலையில் விளக்கு கிடையாது, பாதி தூரம் வரை நாய்கள். அந்த அக்காவின் மகள் புதுக்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள். கல்லூரிப் பஸ்ஸைப் பிடிக்க அவளும் அம்மாவோடு இருட்டில் நடந்து வந்து, பஸ் வரும்வரை எங்கள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். எத்தனையோ தடவை வீட்டுக்கு வந்து உட்காரச் சொன்னேன். “இல்லங்க ஆன்ட்டி, இங்க லைட்டு நல்லா இருக்கு” என்பாள்.

மெல்ல மெல்லக் குப்பை வண்டி தாமதமாக வர ஆரம்பித்தது. உடனே வார்டு வாட்ஸ்அப் குழுவில் படங்கள் விழும். நிரம்பி வழிகிற கூடை, நாய் இழுத்த பை, ‘கவுன்சிலர் கவனத்துக்கு’ என்று ஒரு வரி. போட்டவர்களைப் பார்த்தால் எல்லாம் தேர், லாரி, பூங்கா மனுக்காரர்கள். பெண்பிள்ளைகள் பாதுகாப்புப் பெரியவர் என்னை நேரிலேயே நிறுத்தி, “இவுங்களுக்கு வீடு கெடைச்ச பிறகு மெத்தனம் வந்துருச்சும்மா” என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியும்விட்டேன். “நீங்க வாங்க ஐயா, நாளைக்குக் காலையில அங்கேருந்து நடந்து பாருங்க” என்றேன். அவர் என் கணவருக்குக் குவைத்தில் போன் போட்டுப் புகார் சொன்னார்.

புதிதாக வந்த செயல் அலுவலர் இளைஞர், மரியாதையானவர். ஆஜரைப் பொட்டலிலேயே எடுக்கலாமே, அங்கிருந்து வேலை நேரம் ஆரம்பிக்கட்டும் என்றேன். ஆஜர் எடுக்கிற செல்போன் செயலி அலுவலகத்தின் இடத்தைத்தான் ஏற்குமாம். தவிர, அங்கே டவர் இல்லை. குப்பை வண்டி கிடங்கிலிருந்து காலையில் காலியாகத்தானே வருகிறது, அதில் ஏற்றி வரலாமே என்றேன். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்றார். வேலை நேரத்தைத் தள்ளி வையுங்கள் என்றேன். வெயிலுக்கு முன் தெருக்கூட்டி முடிக்க வேண்டும் என்று மேலிட உத்தரவாம். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. எல்லாக் காரணமும் சரியாகவும் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு தப்பான காரணமாவது சொன்னால் சண்டை போடலாம்.

பஸ் டிப்போவுக்கு எத்தனை தடவை போனேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. மேலாளர் முன்னால் போய் உட்காருவேன். விடியற்காலையில் ஒரு நடை விடுங்கள் என்பேன்.

“அந்தப் பொட்டல்ல யாருங்க ஏறப் போறா?”

“அங்க இருக்கிற எல்லாரும்.”

“எல்லாரும் லேடீஸ். லேடீஸுக்கு டவுன் பஸ் ஃப்ரீ. ஒரு டிக்கெட்டு கிழியாது மேடம். டீசல் போட்டு ஓட்டி நான் என்ன கணக்குக் காட்டுறது?”

“பொம்பளைங்க போகட்டும்னுதானே சார் ஃப்ரீயா விட்டுருக்காங்க?”

“ஆமாங்க. ஆனா பஸ்ஸு ஓடுற ரூட்டுல” என்பார். அதற்குமேல் பேச்சு நகராது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

இப்படியே இருந்தபோதுதான் பெரியத்தான் மகளுக்குக் கல்யாணம் வந்தது. முகூர்த்தம் விடிகாலை. முதல் நாள் இரவுச் சாப்பாட்டு இலையெல்லாம் மண்டபத்துப் பின்னால் மலையாகக் குவிந்துவிடும். சம்பந்தி வீட்டார் எழுந்திருப்பதற்குள் அதை எடுத்தாக வேண்டும். பத்திரிகை வைக்கிற பரபரப்பிலேயே பெரியத்தான் என்னிடம் சொல்லிவிட்டார், கல்யாணத்தன்று விடியுமுன் தூய்மைப் பணியாளர்கள் மண்டபத்தில் நிற்க வேண்டும் என்று.

“அந்நேரத்துக்கு அவுங்க எப்படி வருவாங்க பெரியத்தான்?”

“அதுக்கென்ன, நான் வேன் அனுப்புறேன்.”

அவ்வளவு சுலபமாகச் சொன்னார். சொன்னபடி அனுப்பவும் செய்தார். கல்யாணத்தன்று கிழக்கு வெளுப்பதற்கு வெகு முன்பே வேன் மண்டப வாசலில் வந்து நின்றது. அந்த அக்காவும் மற்றவர்களும் இறங்கினார்கள். பெரியத்தான் பட்டு வேட்டியோடு, சீக்கிரமே எழுந்துவிட்ட சம்பந்தியோடு வாசலில் நின்றிருந்தார். அக்கா அவருக்குக் கும்பிடு போட்டார்.

“வேன்ல சொகமா வந்தோங்கய்யா. நடந்து நடந்து காலு ஓஞ்சு போச்சு. இனிமே தினம் வருங்களா?”

சம்பந்தி பெரியத்தானைப் பார்த்தார். “நீங்கதான் இவுங்களுக்கு வேன் விடுறீங்களா?” என்று கேட்டார், மெச்சுகிற குரலில். பெரியத்தான் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். “பாத்துக்குவோம், பாத்துக்குவோம்” என்றார் சிரித்துக்கொண்டே. நான் பூத்தட்டோடு பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் இலைக் குவியலை அள்ளி முடித்து, அரக்கப்பரக்க ஆஜர் கொடுக்க ஓடினார்கள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் ஊரில் ஒரு குப்பைகூட எடுக்கவில்லை. பொட்டலில் இருந்து யாரும் வேலைக்கு வரவில்லை, வண்டி வைத்திருந்த ஆண்கள்கூட. எட்டு மணி பஸ்ஸில்தான் எல்லாரும் வந்து இறங்கினார்கள். அதற்குள் ஆஜர் நேரம் முடிந்துவிட்டது, திரும்பிப் போய்விட்டார்கள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. செயல் அலுவலர் கூப்பிட்டுக் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

“ஏன் வேலைக்கு வரலை? நோட்டீஸ் குடுக்க வேண்டி வரும்” என்றார் அவர்.

“வந்தோம் சார். ரோட்டுல வேனுக்குத்தான் நின்னோம்” என்றார் அக்கா. “ஐயா பாத்துக்குவோம்னு சொன்னாரே. சம்பந்திக்காரவுக முன்னாடி சொன்னாரு. பெரிய மனுசரு சொன்னா வராமப் போகுமான்னு நின்னோம். எட்டு மணி பஸ்ஸுதான் வந்துச்சு.”

அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை, வெளியே வந்து சிரித்தேன்.

மூன்றாவது நாள் ஊர் நாறியது. மீன் கடைத் தெரு வழியாக நடக்க முடியவில்லை. கல்யாண மண்டபத்துக்கு அடுத்த புக்கிங்காரர் வந்து பார்த்துவிட்டுச் சண்டை போட்டார். விசேஷம் என்னவென்றால் யாரும் பணியாளர்களைத் திட்டவில்லை. ‘வேன் விடுறேன்னு சொல்லிட்டு விடலையாம்’ என்று ஊரே பெரியத்தானைத் திட்டியது. வாட்ஸ்அப் குழுவில் அவருடைய பெயரைப் போட்டே எழுதினார்கள். சம்பந்தி போன் போட்டு, “என்னங்க மச்சான், வேன் ரிப்பேரா?” என்று அக்கறையாக விசாரித்தாராம்.

பெரியத்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது முகம் சிவந்திருந்தது. “நீதான் சொல்லிக் குடுத்தியா?”

“நான் சொல்லிக் குடுத்துத்தான் அந்தக்காவுக்குப் பேசத் தெரியணுமா பெரியத்தான்? சொன்னது நீங்க. நின்னது அவுங்க.”

“தினம் நான் எங்கிட்டுப் போயி வேன் விடுறது?”

“வேன் வேணாம். பஸ்ஸு விடச் சொல்லுங்க. டிப்போல நான் சொன்னா டீ குடுத்து அனுப்புறாங்க.”

அன்று மத்தியானமே தலைவரையும் கூட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து விடிகாலை பஸ் பொட்டலுக்குப் போய்வர ஆரம்பித்தது. நான் மாதக்கணக்காக அலைந்து நடக்காத காரியம். இந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு பங்கு வயிற்றெரிச்சலும் இருந்தது என்பதை மறைப்பானேன். குப்பை நாறியபோது ஒரு வாரத்தில் முடிந்தது, ஜனம் நடந்தபோது ஏன் முடியவில்லை என்று இன்றைக்கும் யாரிடமாவது கேட்கத் தோன்றுகிறது. கேட்டால், “அதான் வந்துருச்சுல்லம்மா” என்பார்கள்.

வந்த பஸ்ஸை நிற்காமல் ஓட வைப்பது இன்னொரு பெரும்பாடு. அந்த நடையில் ஏறுகிறவர்கள் ஏறக்குறைய எல்லாருமே பெண்கள். கண்டக்டர் தினமும் காசில்லாத டிக்கெட்டாகவே கிழிக்கிறார். மாதம் ஒரு தடவையாவது டிப்போவிலிருந்து, ‘வருமானம் இல்லை, நிறுத்தலாமா என்று யோசிக்கிறோம்’ என்று சேதி வரும். நான் ஓடுவேன். கூட்டம் காட்ட வேண்டுமே என்று ஒரு வாரம் நானே அந்தப் பஸ்ஸில் போய்வந்தேன். எனக்கும் இலவசம், அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பிறகுதான் உறைத்தது. என் கணவர் லீவில் வந்தபோது அவரை எழுப்பிக் கூட்டிப் போனேன். தூக்கக் கலக்கத்தில் அவர் டிக்கெட் வாங்கியதும் கண்டக்டர், “இன்னைக்குத்தான் போணி ஆச்சு” என்று சிரித்தார். போகிற வழியெல்லாம் என் கணவர் வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். பொட்டலில் இறங்கி, “இம்புட்டுத் தூரமா?” என்றார். அதன் பிறகு போனில், எதுக்கு இதெல்லாம் என்று அவர் கேட்பதில்லை.

வண்டிப்பேட்டையில் பூங்கா வந்துவிட்டது. நடைபாதை போட்டு, நாலு சிமெண்டு யானை வைத்து, வாட்ச்மேன் போடப் பணமில்லாததால் கேட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பெரியத்தானின் மனைகள் விற்றனவா என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. அந்த அக்காவின் மகள் இப்போது கடைசி வருஷம் படிக்கிறாள். அந்தப் பஸ்ஸில்தான் வருகிறாள்.

போன வாரம் பொட்டலில் ஒரு பாட்டிக்கு முதியோர் ஓய்வூதியம் விசாரிக்கப் போய், இருட்டிவிட்டதால் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டு, மறுநாள் விடிகாலை அந்தப் பஸ்ஸில் ஏறினேன். அக்கா தனக்குப் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தார். மடியில் இரண்டு காலிக் குடம்.

“குடம் எதுக்குக்கா?”

“போர் தண்ணி உப்பா மாறிப்போச்சு. சோறு பொங்கினா சோறு மஞ்சளா வருது. ஆபீஸ் கொழாயில புடிச்சுக்கிட்டு எட்டு மணி பஸ்ஸுல மக கிட்ட குடுத்து அனுப்பணும்னா அவளுக்குக் காலேஜு. அதான், வேலை முடிஞ்சு நானே தூக்கிட்டுப் போறேன். கண்டக்டரு கொடத்துக்கு லக்கேஜு போடணும்கிறாரு.”

பஸ் கொஞ்ச தூரம் போய் டவர் கிடைத்ததும் செயல் அலுவலருக்குப் போன் போட்டேன். தூங்கிக்கொண்டிருந்திருப்பார், ஆனாலும் எடுத்தார். மரியாதையானவர் என்று சொன்னேனே. கூட்டுக் குடிநீர்க் குழாயைப் பொட்டல்வரை இழுக்க முடியாதா என்று கேட்டேன்.

“பாத்தோம் மேடம். அந்த ஏரியா நம்ம கொழாய் எல்லைக்கு வெளிய வருதுங்க. திட்டத்துல இல்ல.”

போனை வைத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னவாம்?”

“எல்லைக்கு வெளிய இருக்காம்.”

“நாங்களா போயி வெளிய உக்காந்தோம்?” என்றார்.

பஸ் ஊருக்குள் நுழைந்துவிட்டது. அவர் குடங்களை எடுத்துக்கொண்டு, ஆஜருக்கு நேரமாகிவிட்டது என்று முன்வாசல் பக்கம் நகர்ந்தார். நான் கூட்டத்துக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குடிநீர்க் குழாய் என்று ஆரம்பித்தால், நல்ல காரியந்தான் என்றுதான் முதலில் சொல்வார்கள்.